ஆர் உடைச்சது? – பில்ட் சோதனைகளின் ஒரு சிறு வரலாறு

கம்பஸில் குறூப் புரொஜெக்ட் செய்த எல்லாருக்கும் அந்தக் கடைசி இரவு தெரிந்திருக்கும். நாலு பேர் மூன்று கிழமையாகத் தனித்தனியே கோட் எழுதியிருப்பார்கள். ஒருவர் லொகின் பக்கம், ஒருவர் தரவுத்தளம், ஒருவர் ரிப்போர்ட், நாலாவது ஆள் "டிசைன்". அடுத்த நாள் காலை டெமோ. இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஒன்றுமே ஓடாது. "என்ர லப்டொப்பில வேலை செய்யுதே" எண்டு ஒருவர். "நான் நேற்றுத் தொடவே இல்லை" எண்டு இன்னொருவர். பன்னிரண்டு மணியாகும்போது எல்லாரிடமும் ஒரேயொரு கேள்விதான் மிஞ்சியிருக்கும்: "ஆர் உடைச்சது?"

இந்தக் கேள்வி எங்கட தலைமுறை கண்டுபிடித்ததல்ல. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் இதே இரவைக் கடந்துதான் வந்திருக்கின்றன. அங்கே நாலு பேருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கானோர், மூன்று கிழமைக்குப் பதிலாகப் பல மாதங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று நாங்கள் கோட்டை அனுப்பியதும் ஒரு பச்சை டிக் அல்லது சிவப்புக் குறுக்குக் கோடு வந்து விழுகிறது. எங்கோ இருக்கிற ஒரு சேர்வர் எங்கட நிரலை எடுத்து, கட்டி, சோதித்து, முடிவு சொல்கிறது. அதன் வரலாற்றைச் சொல்பவர்கள் வழமையாகக் கருவிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேறொரு கதையாகத் தெரிகிறது. பிழையின் பாரத்தை ஒரு ஆளின் தலையிலிருந்து இறக்கி, ஒரு வழக்கத்தின் மேல் வைக்கப் பழகிய கதை அது. முழுதாகப் பழகிவிட்டோமா என்பது வேறு விஷயம்.

வீணாய்ப்போன ஒரு காலை

முதலில் "பில்ட்" என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். நாங்கள் எழுதுவது பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும் எழுத்து. சி போன்ற மொழிகளில் ஒவ்வொரு கோப்பையும் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு மாற்றியவற்றையெல்லாம் இணைத்து, ஓடக்கூடிய ஒரு நிரலாக்க வேண்டும். இந்த முழு வேலைக்கும் பெயர் பில்ட். ஒரு கோப்பைத் திருத்திவிட்டு அதை மாற்ற மறந்துவிட்டால், திருத்தம் எழுத்தில் இருக்கும். ஓடுகிற நிரலில் இருக்காது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் நடுப்பகுதியில் ஸ்டீவ் ஜோன்சனுக்கு நடந்தது இதுதான். நிரல்மொழிகளை உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் "யாக்" என்ற கருவியை எழுதியவர் அவர். சின்ன ஆள் இல்லை. ஒரு நாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்திருக்கிறார். கடைசியில் பார்த்தால், பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பைத்தான் மறுபடி மாற்றவில்லை. சரியாக இருந்த ஒரு நிரலில் அரை நாளாகப் பிழை தேடியிருக்கிறார்! கோபத்தோடு சக ஊழியர் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்து புலம்பினார். ஃபெல்ட்மனும் முதல் நாள் இரவு இதே சிக்கலில்தான் மாட்டியிருந்தார். அந்தப் புலம்பலிலிருந்து பிறந்ததுதான் 1976இல் வந்த "மேக்".

மேக் செய்வது எளிமையான வேலை. எந்தக் கோப்பு எதில் தங்கியிருக்கிறது என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதும். எது மாறியிருக்கிறது என்று நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் அது திரும்பக் கட்டும். இதற்காக ஃபெல்ட்மனுக்கு 2003ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது. இந்தக் கதைக்கு முக்கியமானது விருதல்ல. ஜோன்சனைப் போன்ற ஒருவரே மறக்கிறார் என்றால், "இனிக் கவனமாக இருங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. ஞாபகம் வைத்திருக்கும் வேலையை மனிதரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ஃபெல்ட்மன் செய்தது அதைத்தான்.

அதே ஜோன்சன் 1978இல் இன்னொரு கருவியைப் பற்றி எழுதினார். பெயர் "லின்ட்". உடுப்பில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயர். அந்தக் காலத்து சி மொழிமாற்றி, சந்தேகமான எழுத்தைக்கூட அதிகம் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். ஒருபோதும் எட்டமுடியாத வரிகள், பெறுமதி கொடுக்காமலே பயன்படுத்தப்படும் மாறிகள் போன்ற "தூசுகளை" லின்ட் தட்டிக் காட்டியது. ஆனால் அது ஒரு தனிக் கருவி. நினைவு வந்தால் ஓட்டலாம், வராவிட்டால் விடலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ. 36 வருடம் கழித்து இந்த விஷயம் திரும்ப வரும்.

ஒவ்வொரு நாளும் கட்டு, புகை வருதா பார்

மேக் ஒரு ஆளின் மறதியைத் தீர்த்தது. பல பேரின் கோட் ஒன்றாகச் சேரும்போது வருகிற உடைவை அது தீர்க்கவில்லை. பெரிய திட்டங்களில் அப்போது ஒருங்கிணைப்பு என்பது கடைசியில் வரும் தனிக் கட்டம். எல்லாரும் தங்கள் பகுதியை முடித்துவிட்டு வருவார்கள், பிறகு ஒட்டுவார்கள். எவ்வளவு காலம் எடுக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. எங்கட கடைசி இரவுதான், மாதக்கணக்கில்.

1988இல் டேவ் கட்லர் மைக்ரோசொஃப்ட்டுக்கு வந்து, பிறகு விண்டோஸ் என்.டி. என்று பெயர் பெற்ற இயங்குதளத்தின் வேலையைத் தொடங்கினார். 1993 ஜூலையில் முதற் பதிப்பு வெளிவந்தது. மென்பொருள் பொறியியல் பற்றி எழுதும் ஸ்டீவ் மக்கொனெல் அந்தத் திட்டத்தைப் பற்றித் தரும் அளவுகள் இவை: 56 இலட்சம் வரிகள், 40,000 கோப்புகள். முழுவதையும் ஒருமுறை கட்டி முடிக்கப் பல கணினிகளில் 19 மணித்தியாலம் வரை பிடிக்கும். 24 மணித்தியாலத்தில் 19! அப்படியிருந்தும் அவர்கள் ஒவ்வொரு நாளும் கட்டினார்கள்.

ஏன் இந்தப் பைத்தியம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நேற்றைய பில்ட் ஓடியது, இன்றையது ஓடவில்லை என்றால், பிழை கடந்த ஒரு நாளில் வந்த மாற்றங்களுக்குள் இருக்கிறது. தேட வேண்டிய இடம் சின்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால், மூன்று மாதத்து மாற்றங்களையும் கிளற வேண்டும். அதைவிட, பிழைக்கு மேல் பிழை படிந்து, ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருக்கும்.

கட்டுவது மட்டும் போதாது என்பதும் அப்போதே விளங்கியிருந்தது. பில்ட் முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை ஓட வேண்டும். இதற்கு "புகைச் சோதனை" என்று பெயர். மின்னணுச் சாதனம் செய்பவர்களிடமிருந்து வந்த பேச்சு அது: புதிதாக ஒட்டிய சர்க்கியூட்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடு, புகை வருதா பார். வந்தால் மற்றச் சோதனைகள் தேவையே இல்லை. மென்பொருளிலும் அப்படித்தான். நிரல் திறக்கிறதா, முக்கியமான வேலைகளைச் செய்கிறதா என்று மேலோட்டமாக, ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. மக்கொனெல் 1996இல் "ஐ.ஈ.ஈ.ஈ. சொஃப்ட்வெயார்" சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதியபின், நாளாந்த பில்டும் புகைச் சோதனையும் பல நிறுவனங்களுக்குப் பரவின.

அதே கட்டுரையில்தான் "ஆர் உடைச்சது?" என்ற கேள்வி எப்படிக் கையாளப்பட்டது என்பதும் இருக்கிறது. சில குழுக்களில் பில்டை உடைத்தவருக்கு ஒரு லொலிபொப் கொடுப்பார்களாம். பிழையைத் திருத்தும்வரை அதை அவர் தன் அறைக் கதவில் ஒட்டி வைக்க வேண்டும். வேறு சில இடங்களில் ஆட்டுக் கொம்பு மாட்டிவிடுவார்கள். இன்னும் சில இடங்களில் 5 டொலர் தண்டம். விண்டோஸ் என்.டி. போன்ற பெரிய திட்டங்களின் கடைசிக் காலத்தில் நிரலாளர்கள் பேஜர் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பில்ட் உடைந்தால் விடியப்புறம் மூன்று மணியென்றாலும் அழைப்பு வரும்.

வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. நான் முதல்முறை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வகுப்பறையில் பெஞ்சில் ஏற்றி நிறுத்தும் வழக்கம்தான். கொம்பு மாட்டப்பட்டவர் அடுத்தமுறை என்ன செய்வார்? கொஞ்சம் கவனமாக இருப்பார், உண்மைதான். கூடவே இன்னொன்றும் செய்வார்: கோட்டை அனுப்பவே தயங்குவார். "இன்னும் ரெண்டு நாள் பார்த்திட்டு அனுப்புவம்" என்று வைத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒவ்வொருவரும் வைத்துக்கொண்டிருந்தால், சேரும் நாளில் உடைவு இன்னும் பெரிதாகும். எதை நிறுத்தவேண்டும் என்று தண்டனை கொண்டுவந்தார்களோ, அதையே தண்டனை வளர்த்துவிடும்.

றப்பர் கோழியும் மணியும்

1996இல் கென்ட் பெக், கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் இணைந்தார். சுருக்கமாக சி3 என்பார்கள். "எக்ஸ்ட்றீம் புரோகிராமிங்" என்ற வேலைமுறை உருப்பெற்ற இடம் அதுதான். அங்கே நாளுக்கு ஒருமுறை சேர்ப்பதும் போதாது என்று நினைத்தார்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு கணினியை ஒதுக்கி வைத்தார்கள். வேலை முடித்தவர்கள் அந்தக் கணினிக்குப் போய், தங்கள் மாற்றத்தைச் சேர்த்து, எல்லாச் சோதனைகளையும் ஓட்டுவார்கள். அத்தனையும் தேறாவிட்டால் மாற்றத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடக்கிறது. புகைச் சோதனை மேலோட்டமானது. சி3 போன்ற திட்டங்களில் நிரலாளர்கள் கோட் எழுதும்போதே அந்தக் கோட்டுக்கான சிறு சோதனைகளையும் எழுதினார்கள். ஆக, பில்ட் என்பது "கட்ட முடியுதா?" என்பதோடு நிற்காமல், "நாங்கள் சரியென்று சொன்னதெல்லாம் இன்னும் சரியா?" என்றும் கேட்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் ஆலோசகராக இருந்த மார்ட்டின் ஃபவுலர், மத்தியூ ஃபோமெலுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் "தொடர் ஒருங்கிணைப்பு" பற்றிய கட்டுரையை எழுதினார். அடுத்த வருடம், இந்த வேலையைத் தானாகச் செய்யும் "குறூஸ் கொன்ட்ரோல்" என்ற திறந்தமூலக் கருவியை அவர்கள் வேலை செய்த தோட்வேர்க்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

கருவி வந்ததும் பலர் கருவியையே பிடித்துக்கொண்டார்கள். "நாங்களும் தொடர் ஒருங்கிணைப்புச் செய்யிறம், சேர்வர் போட்டிருக்கிறம்" என்பார்கள்; அந்தச் சேர்வர் கிழமைக்கணக்கில் சிவப்பாகக் கிடக்கும். இதைப் பார்த்த ஜேம்ஸ் ஷோர் 2006இல் வேடிக்கையாக ஒரு வழி சொன்னார். ஒரு பழைய கணினி, ஒரு றப்பர் கோழிப் பொம்மை, ஒரு மேசை மணி. இந்த மூன்றும் போதும். கோழி ஆரின் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் கோட் சேர்க்கலாம். தன் கணினியில் சோதித்து, சேர்த்து, பிறகு அந்தப் பழைய கணினியில் புதிதாக எடுத்துக் கட்டிச் சோதிக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் மணியை அடித்துவிட்டுக் கோழியைத் திரும்ப வைக்கலாம். அந்தப் பழைய கணினி எதற்கென்றால், "என்ர லப்டொப்பில வேலை செய்யுது" என்ற பேச்சை முடித்துவைக்க. முதலில் வேண்டியது எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு வழக்கம். கருவி அதற்குப் பிறகு.

உடைத்தவர் எழுதிய கருவி

இதே காலத்தில் திறந்தமூல உலகத்தில் பிரச்சினை இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே ஒரே அறை இல்லை, ஒரே நேர வலயம்கூட இல்லை. நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை 1998 மார்ச் 31 அன்று மொசில்லா என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது. அவர்கள் பயன்படுத்திய கருவியின் பெயர் "டிண்டர்பொக்ஸ்", நெருப்பு மூட்டும் பொருட்கள் வைக்கும் பெட்டி. விண்டோஸ், மக், லினக்ஸ் என்று பல கணினிகள் நிற்காமல் கட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நிரல் பத்தி, கீழே நேரம். ஓடியது பச்சை, கட்ட முடியாதது சிவப்பு, கட்டியும் சோதனையில் தவறியது செம்மஞ்சள். சிவப்பு வந்தால் "மரம் மூடப்பட்டுள்ளது" என்று அறிவித்து, சரியாகும்வரை புதிய கோட்டை நிறுத்தி வைப்பார்கள். இதைக் கண்காணிக்கும் பொறுப்பாளருக்கு "ஷெரிஃப்" என்று பெயர். எந்தப் பெட்டி எப்போது சிவந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் மற்றவரை விசாரிக்கத் தேவையில்லை.

பிறகு கோசுகே கவகுச்சி. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை செய்த ஜப்பானிய நிரலாளர். தன் குழுவில் அடிக்கடி பில்டை உடைப்பவர் தான்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் ஒரு கோப்பைச் சேர்க்க மறப்பது போன்ற சின்னச் சின்னப் பிழைகள். மற்றவர்கள் வந்து சொல்வதற்கு முன்பே தனக்குத் தெரிய வேண்டும் என்று, 2004இல் தன் சொந்த முயற்சியாக ஒரு நிரல் எழுதினார். கோட்டை எடுத்து, கட்டி, சோதித்து, உடைந்தால் உடனே சொல்லும். பெயர் "ஹட்சன்". 2005இல் வெளியிட்டார். சன் நிறுவனத்தை 2010இல் ஒராக்கிள் வாங்கியபின் அந்தப் பெயர் ஆருக்குச் சொந்தம் என்ற இழுபறி வந்தது. 2011இல் அதன் சமூகத்தவர் வாக்களித்துப் பெயரை "ஜென்கின்ஸ்" என்று மாற்றினார்கள். உலகத்தில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பில்ட் கருவிகளில் ஒன்று அது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஆட்டுக் கொம்பு மாட்டுகிற உலகத்தில், உடைத்தவர் என்ன செய்யலாம் என்பதற்கு கவகுச்சி ஒரு பதில். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரியவில்லை. இனி உடைக்கவே மாட்டேன் என்று சத்தியமும் பண்ணவில்லை. தான் உடைப்பேன் என்பதை ஒத்துக்கொண்டு, உடைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற மாதிரி வேலையை மாற்றினார். ஹட்சன், ஜென்கின்ஸ் இரண்டும் பணியாள் பெயர்கள். ஜென்கின்ஸின் சின்னத்திலும் கையில் துணியோடு நிற்பவர் ஒரு பணியாளர்தான். பொலிஸ்காரர் அல்ல.

முதலில் சோதி, பிறகு சேர்

இவ்வளவு தூரம் வந்தும் ஒரு ஓட்டை இருந்தது. இந்தக் கருவிகள் கோட் சேர்ந்த பிறகு சோதித்தன. அதாவது சிவப்பு வரும்போது பொதுக் கோட் ஏற்கெனவே உடைந்துவிட்டது. சேர்க்க முதல் ஒவ்வொருவரும் தனித்தனியே சோதித்தால் போதாதா? போதாது. நான் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றுகிறேன். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன், என் சோதனைகள் பச்சை. அதே நேரம் நீங்கள் புதிய பக்கம் ஒன்றில் பழைய பெயரைப் பயன்படுத்துகிறீர்கள். உங்கட சோதனைகளும் பச்சை. இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. இதில் ஆர் உடைச்சது? ரெண்டு பேருமில்லை.

றஸ்ட் மொழியைத் தொடங்கிய கிறேடன் ஹோர் 2014இல் இதைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய 2000ஆம் ஆண்டளவில் தான் வேலை செய்த குழுவில் பென் எலிஸ்டன் என்ற நண்பர் கொண்டுவந்த ஒரு விதி அது. எல்லாச் சோதனைகளிலும் தேறும் கோட் மட்டுமே பொது இடத்தில் இருக்கவேண்டும், அதை ஒரு இயந்திரமே பார்த்துக்கொள்ள வேண்டும். இது ஒன்றும் ரொக்கெட் விஞ்ஞானம் இல்லை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். றஸ்ட் திட்டத்தில் 2013இல் "போர்ஸ்" என்ற நிரல் இந்த வேலையை ஏற்றது. ஒருவரின் மாற்றத்தை மற்றவர் வாசித்து ஒப்புதல் கொடுத்ததும், போர்ஸ் அதை அந்த நேரத்துப் பொதுக் கோட்டோடு ஒரு தனி இடத்தில் சேர்க்கும். எல்லாச் சோதனையும் ஓட்டும். தேறினால் மட்டும் பொது இடத்துக்கு நகர்த்தும். தேறாவிட்டால் பொது இடத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. உங்கட மாற்றம் திரும்பி வரும், திருத்தி அனுப்பலாம், அவ்வளவுதான். கொம்பு மாட்ட இங்கே ஆளே இல்லை.

ஓட்டப்படாத சோதனை

சரி, அப்போ எல்லாம் முடிஞ்சுதா? இல்லை. 2014 பெப்ரவரி 21 அன்று அப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் பாதுகாப்பான தொடர்பை ஏற்படுத்தும்போது, மறுபக்கம் இருப்பது உண்மையான சேர்வர்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கோட்டில், "பிழையென்றால் முடிவுக்குத் தாவு" என்ற ஒரு வரி தவறுதலாக இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. முதலாவது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் தாவியது. அதனால் உண்மையான கையொப்பச் சோதனை நடக்காமலே "எல்லாம் சரி" என்ற பதில் போனது. ஒரே வலையமைப்பில் நடுவில் இருக்கிற ஒருவர் உங்கட வங்கியின் சேர்வர் மாதிரி நடிக்க அது வழிவிட்டது. 2012இல் வந்த ஐ.ஓ.எஸ். 6இலிருந்தே அந்தப் பிழை இருந்திருக்கிறது.

அந்த இரண்டாவது தாவலுக்குக் கீழே இருந்த வரிகள் ஒருபோதும் எட்டமுடியாதவை. 1978இல் ஜோன்சனின் லின்ட் தேடிய அதே வகைத் தூசு! அப்பிள் பயன்படுத்திய கிளாங் மொழிமாற்றியிலும் எட்டமுடியாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கை இருந்தது. ஆனால் "எல்லா எச்சரிக்கைகளும்" என்ற பெயருடைய வழமையான தெரிவில் அது சேர்க்கப்படவில்லை. தனியாகக் கேட்டால்தான் சொல்லும். இந்தக் கோட்டுக்கு ஒரு சிறு சோதனை எழுதியிருந்தால் அதுவும் பிடித்திருக்கும்.

ஒரு சோதனை உலகத்தில் இருப்பதும் அது எங்கட பில்டில் ஒவ்வொரு முறையும் ஓடுவதும் ஒன்றல்ல. பச்சை டிக் "பிழையில்லை" என்று சொல்வதில்லை. "நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சரி" என்று மட்டும்தான் சொல்கிறது. கேட்காத கேள்வியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒருவரும் தொடாமலே

2016 மார்ச் 22 அன்று நடந்தது நேரெதிர். ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் தங்களுக்குத் தேவையான சிறு பொதிகளை என்.பி.எம். என்ற களஞ்சியத்திலிருந்து எடுப்பார்கள். ஒரு பொதியின் பெயர் பற்றி வந்த தகராறில், அதை எழுதியவர் கோபம்கொண்டு தன்னுடைய பொதிகள் அத்தனையையும் அங்கிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று "லெஃப்ட்-பாட்". ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் வெறும் 11 வரிகள். அதில் தங்கியிருந்த பொதிகள், அந்தப் பொதிகளில் தங்கியிருந்த வேறு பொதிகள் என்று சங்கிலி நீண்டு, உலகமெங்கும் பில்டுகள் உடைந்தன. சில மணித்தியாலத்துக்குள் என்.பி.எம். அதைத் திரும்பப் போட்டுவிட்டது.

அன்றைக்குத் தங்கள் கோட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவர்களுக்கும் பில்ட் உடைந்தது. கோட் அனுப்பும்போது மட்டும் சோதித்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. ஆறு மாதம் தொடாமல் விட்ட புரொஜெக்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். நாங்கள் தொடாவிட்டாலும் எங்களைச் சுற்றியுள்ளது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, ஒன்றும் மாறாத நாளிலும் இரவில் ஒருமுறை கட்டிப்பார்க்கச் சொல்லும் அந்தப் பழைய வழக்கத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

நம்பிக்கை போன சிவப்பு

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சோதனைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்போம். கூகுளில் நிரலாளர்களைச் சோதனை எழுத வைப்பதற்காகக் கழிப்பறைச் சுவர்களில்கூட ஒரு பக்கப் பாடங்கள் ஒட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூகுளே 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. தங்கள் சோதனைகளில் ஏறக்குறைய 16 வீதமானவை ஏதோவொரு அளவில் நிலையற்றவை. அதே கோட்டில் ஒருமுறை தேறும், மறுமுறை தவறும். பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய தருணங்களில் ஏறக்குறைய 84 வீதத்தில் இப்படியொரு நிலையற்ற சோதனை சம்பந்தப்பட்டிருந்தது.

அப்போ மனிதர் என்ன செய்வார்? "அது சும்மா, திரும்ப ஓட்டிப் பார்" என்பார். இரண்டு தரம் ஓட்டிப் பச்சை வந்தால் சேர்த்துவிடுவார். கொஞ்ச நாளில் சிவப்பைக் கண்டாலே ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உண்மையான உடைவும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். ஒரு சோதனையைச் சேர்ப்பது போலவே, பொய் சொல்கிற சோதனையைத் திருத்துவதோ எடுத்துவிடுவதோ வழக்கத்தின் பகுதியாக இருக்க வேண்டும். நூறு சோதனை போட்டு ஒன்றையும் நம்பாமல் இருப்பதைவிட, நம்பக்கூடிய பத்து நல்லது.

அடுத்த குறூப் புரொஜெக்ட்

இதையெல்லாம் வாசித்துவிட்டு உங்கட நாலு பேர் குழுவில் என்ன செய்யலாம்? பெரிய ஆயத்தம் தேவையில்லை. முதல் நாளே, ஒரு வசதியும் எழுத முதல், வெறும் நிரலுக்கு ஒரு பில்ட் போடுங்கோ. இப்போது பொதுக் களஞ்சியங்களுக்கு இதை இலவசமாகச் செய்துதரும் சேவைகள் இருக்கின்றன. அதில் மொழிமாற்றியின் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு, எச்சரிக்கை வந்தாலே சிவப்பு என்று வையுங்கோ. பிறகு ஆயிரம் எச்சரிக்கை சேர்ந்தபின் இதைச் செய்யவே முடியாது. ஒரு புகைச் சோதனை எழுதுங்கோ: நிரல் திறக்குதா, லொகின் பக்கம் வருதா. சேர்க்க முதல் சோதி என்ற விதியைப் போடுங்கோ. இரவில் ஒருமுறை தானாக ஓட விடுங்கோ. ஒவ்வொரு முறை ஒரு பிழையைத் திருத்தும்போதும் அந்தப் பிழையைப் பிடிக்கும் ஒரு சோதனையைச் சேருங்கோ. அதே பிழை திரும்ப வந்தால் அதுவே சொல்லும்.

இவ்வளவும் செய்தாலும் பில்ட் உடையும். முதல் கிழமையிலேயே உடையும். ஆனால் உடைந்த நேரத்தில், கடைசியாகப் பச்சையாக இருந்தது எந்த மாற்றம், முதலில் சிவந்தது எந்த மாற்றம் என்று பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இடையில் இருப்பது ஆரோ ஒருவர் மத்தியானம் எழுதிய இருபது வரி. அந்த இருபது வரியையும் ரெண்டு பேர் சேர்ந்திருந்து பார்த்தால், தேத்தண்ணி ஆறமுதல் காரணம் பிடிபடும். "ஆர் உடைச்சது?" எண்டு கேட்க வேண்டியே வராது. "எப்ப உடைஞ்சது?" எண்டு கேட்டால் போதும், அதுக்குப் பதில் திரையிலேயே இருக்கும்.